ஒட்டியும் வெட்டியும்: அமெரிக்கத் தலையீடு பற்றி மேடையில் பேசுவது எப்படி

“ஆசிய நாடுகளில் அமெரிக்கா தலையிட்டதால் நன்மையைவிடத் தீமையே அதிகம்.” இந்தத் தலைப்பு ஏதாவது ஒரு வேடத்தில் மாணவர் விவாத மேடைக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒரு வருடம் ‘வல்லரசுகள்’ என்று வரும், இன்னொரு வருடம் ‘அந்நியப் படைத்தளங்கள்’ என்று வரும். வந்ததும் பிள்ளைகள் செய்வது ஒன்றுதான். ஒட்டிப் பேசுகிறவர்கள் வியட்னாம், ஈராக், ஆப்கானிஸ்தான் என்று மூச்சுவிடாமல் அடுக்குவார்கள். வெட்டிப் பேசுகிறவர்கள் ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர் என்று அடுக்குவார்கள். இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று தொடாமலே மணி அடித்துவிடும். நடுவர் குரல் வளத்தைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டியதுதான்.

சனிக்கிழமை மாலைகளில் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஒரு சமூக மன்ற அறையில் தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரிப் பிள்ளைகளுக்கு விவாதம் சொல்லிக்கொடுக்கிறேன். வார நாள்களில் கப்பல்களுக்கு மளிகை, காய்கறி சப்ளை செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். அந்த வேலைக்கும் இந்தத் தலைப்புக்கும் சம்பந்தம் உண்டு, பின்னால் வருகிறேன்.

கண்டத்தை விடுங்கள், நாட்டைப் பிடியுங்கள்

ஈரானிலிருந்து ஜப்பான்வரை எல்லாமே ஆசியாதான். 1953இல் ஈரானில் எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதெக்கைக் கவிழ்க்க அமெரிக்க உளவுத்துறை பிரிட்டனோடு சேர்ந்து வேலை பார்த்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், ஜப்பானை ஆக்கிரமித்திருந்த அதே அமெரிக்காவின் அதிகாரிகள் அந்த நாட்டுக்கு ஓர் அரசமைப்புச் சட்டத்தை எழுதிக்கொடுத்தார்கள். 1947 மே மாதம் நடப்புக்கு வந்த அந்தச் சட்டத்தில் ஜப்பானியர்கள் இன்றுவரை ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. இரண்டும் தலையீடுதான். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டு ‘அமெரிக்கா ஆசியாவை…’ என்று ஆரம்பித்தால் அந்த வாக்கியம் கண்டிப்பாகப் பொய்யாகத்தான் முடியும்.

அதனால் முதல் பேச்சாளரின் முதல் நிமிடம் பிரித்துக் காட்டுவதற்கு. படை அனுப்பி நடத்திய போர் ஒரு வகை. ஆட்சிக் கவிழ்ப்பு, ரகசியப் பண உதவி போன்ற திரைமறைவு வேலை இன்னொரு வகை. ஒப்பந்தம் போட்டுத் தளம் அமைப்பது மூன்றாவது. பொருளாதார உதவியும் பொருளாதாரத் தடையும் நான்காவது. இவற்றில் நம் அணி எதை எடைபோடப் போகிறது என்று சொல்லிவிட வேண்டும். இதை முதலில் சொல்கிற அணிக்குப் பாதி மேடை சொந்தமாகிவிடும். ஆனால் தந்திரம் பண்ணாதீர்கள். வெட்டிப் பேசும் அணி ‘நாங்கள் பொருளாதார உதவியை மட்டும் பேசுவோம்’ என்று நழுவினால் நடுவர் சிரித்துக்கொண்டே மதிப்பெண்ணைக் குறைப்பார்.

வகைகளில் அடங்காத ஒன்றும் இருக்கிறது. 1971. கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய பங்ளாதேஷில், ராணுவம் மக்களைக் கொன்று கொண்டிருந்தபோது அமெரிக்க அதிபர் நிக்சனின் அரசு பாகிஸ்தான் பக்கமே நின்றது. டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட்டும் அவருடைய சகாக்களும் அதை எதிர்த்து ஏப்ரலில் வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பினார்கள். பலன் இல்லை. டிசம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டபோது அமெரிக்காவின் ஏழாவது கடற்படையைச் சேர்ந்த ‘எண்டர்பிரைஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலுக்கு வந்தது. இது தலையிட்டதா, தலையிடாமல் விட்டதா? இரண்டுமே என்று வாதாடலாம். பார்வையாளர் வரிசையில் எழுபதைத் தாண்டிய பெரியவர் யாராவது இருந்தால் ‘ஏழாவது கடற்படை’ என்று சொன்னதும் நிமிர்ந்து உட்காருவார். இந்த அட்டை கையில் இருக்கட்டும்.

மூன்று நாடு, மூன்று அட்டை

அணிக்கு மூன்று நாடு போதும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. எந்த ஆண்டு, என்ன செய்தார்கள், யாருக்கு என்ன ஆனது, செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். நான்கு வரி. நான்காவது வரியை எழுத முடியாத நாட்டை எடுக்காதீர்கள், எதிரணி அங்கேதான் கை வைக்கும்.

லாவோசை எடுத்துக்கொள்வோம். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அங்கே 20 லட்சம் டன்னுக்கும் மேல் குண்டு போட்டன. சுமார் 5,80,000 முறை பறந்து போய்ப் போட்டார்கள். இந்த எண்ணை அப்படியே மேடையில் சொன்னால் யாருக்கும் உறைக்காது. ‘அப்படியா’ என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். எங்கள் வகுப்பில் ஒரு பையன் போனில் கணக்குப் போட்டான். ஒன்பது வருடத்துக்கு எத்தனை நிமிடமோ அதை 5,80,000ஆல் வகுத்தான். எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானம், இரவும் பகலும், ஒன்பது வருடம். அப்புறம் அவனே ஒரு வரி சேர்த்தான்: “நான் நான்கு நிமிடம் பேசி அமர்ந்து, எதிரணித் தலைவர் நான்கு நிமிடம் பேசி அமர்வதற்குள் ஒரு விமானம் வந்துபோயிருக்கும்.” அறையில் எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். எண்ணைக் கேட்பவரின் நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் வித்தை.

ஆனால் அட்டை அங்கே முடியக் கூடாது. போட்ட கொத்துக்குண்டுகளில் முப்பது விழுக்காடுவரை அன்று வெடிக்கவில்லை என்பது மதிப்பீடு. அவை இன்னும் வயலில் கிடக்கின்றன, மண்வெட்டி பட்டால் வெடிக்கின்றன. 2016இல் ஒபாமா லாவோசுக்குப் போனார், பதவியில் இருக்கும்போது அங்கே போன முதல் அமெரிக்க அதிபர் அவர்தான். குண்டுகளை அகற்ற மூன்று ஆண்டுகளில் 90 மில்லியன் டாலர் தருவதாக அறிவித்தார். ஒட்டிப் பேசுகிறவருக்கு இதெல்லாம் சாப்பாடு. வெட்டிப் பேசுகிறவர் என்ன செய்வார்? 1962 ஜெனீவா ஒப்பந்தப்படி லாவோஸ் நடுநிலை நாடு. அதை முதலில் மதிக்காமல் தன் படையை அங்கேயே வைத்துக்கொண்டு, தெற்கே ஆளும் ஆயுதமும் அனுப்பும் ஹோ சி மின் பாதையை அந்த நாட்டின் வழியாக ஓட்டியது வட வியட்னாம். குண்டுக்கு இது நியாயமாகிவிடாது. ஆனால் ‘சும்மா இருந்த நாட்டில் அமெரிக்கா மட்டும் புகுந்தது’ என்ற கதையை இது உடைக்கும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். லாவோசில் நடந்ததற்கு வக்காலத்து வாங்க முயன்ற எந்த அணியும் நன்றாகப் பேசி நான் கேட்டதில்லை.

கொரியா: எந்த ஆண்டில் கத்தரிக்கிறீர்கள்?

வெட்டிப் பேசுகிறவர்களின் செல்லப் பிள்ளை தென்கொரியா. சாம்சுங், கே-பாப், கிம்ச்சி என்று மூன்று வார்த்தை சொல்லிவிட்டு வெற்றிப் புன்னகையோடு உட்கார்ந்துவிடுவார்கள். சோம்பேறித்தனமான வாதம் இது. நல்ல எதிரணிக்கு இருபது வினாடி போதும், உடைத்துவிடும்.

நடந்தது இது. 1950 ஜூன் 25 அன்று வடகொரியப் படை எல்லை தாண்டியது. சோவியத் யூனியன் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தைப் புறக்கணித்திருந்ததால் அங்கே தடுக்க ஆளில்லாத நேரம் அது. ஐ.நா. கொடியின்கீழ் அமெரிக்கா தலைமையில் படை போனது. 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தம். சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. ஆனால் ஜனநாயகம் எப்போது வந்தது? 1987. நடுவில் முப்பத்து நான்கு ஆண்டுகள். சிங்மன் ரீயின் கெடுபிடி ஆட்சி, 1961இல் பார்க் சுங் ஹீயின் ராணுவப் புரட்சி, 1980 மே மாதம் குவாங்ஜூவில் போராடிய மக்கள்மீது துப்பாக்கிச் சூடு. இத்தனைக்கும் நடுவில் அமெரிக்கப் படை அங்கேதான் இருந்தது. 1987இல் தெருவுக்கு வந்து தேர்தலை வாங்கியவர்கள் கொரிய மாணவர்களும் தொழிலாளர்களும். அந்தப் பெருமையை வாஷிங்டனுக்குக் கொடுக்கலாமா?

வெட்டிப் பேசுகிறவரின் உருப்படியான பதில் கே-பாப் அல்ல. 1950இல் படை போகாமல் இருந்திருந்தால், 1987இல் கூடிப் போராட ஒரு தெருவே சோலில் இருந்திருக்காது என்பதுதான். பக்கத்திலேயே பியோங்யாங் இருக்கிறது, ஒப்பிட்டுக்கொள்ளலாம். இந்த வாதம் நிற்கும்.

எந்த நாட்டைப் பற்றி யார் பேசினாலும் கதையை எந்த ஆண்டில் கத்தரிக்கிறார்கள் என்று பாருங்கள். கொரியாவை 1953இல் கத்தரித்தால் இடிபாடு, 1980இல் கத்தரித்தால் சர்வாதிகாரம், 1988 ஒலிம்பிக்சில் கத்தரித்தால் வெற்றிக் கதை. வியட்னாமும் அப்படித்தான். 1975 ஏப்ரல் 30 சைகோன் வீழ்ச்சியில் நிறுத்துகிறவர் ஒன்று சொல்வார். 1995இல் இரு நாடுகளும் தூதரக உறவு தொடங்கியதிலும், 2023இல் பைடன் ஹனோய்க்குப் போய் உறவை உச்சப் படிக்கு உயர்த்தியதிலும் நிறுத்துகிறவர் வேறொன்று சொல்வார். எதிரணி எந்த ஆண்டில் நிறுத்துகிறது என்று குறித்துக்கொண்டு, ‘அதற்கு அடுத்த பத்து ஆண்டு என்ன?’ என்று கேளுங்கள். மறுப்புரைக்கு இதைவிடச் சுலபமான கேள்வி இல்லை.

நம் ஊரை ஒளித்து வைக்காதீர்கள்

சிங்கப்பூர் மேடையில் இந்தத் தலைப்பைப் பேசிக்கொண்டு சிங்கப்பூரைப் பற்றி வாயே திறக்காத அணிகள் உண்டு. ‘அது சென்சிட்டிவ், அக்கா’ என்பார்கள். செய்தித்தாளில் வந்ததில் என்ன சென்சிட்டிவ்?

1960இல் அமெரிக்க உளவுத்துறை ஆள் ஒருவர் சிங்கப்பூர்க் காவல்துறையின் உளவுப் பிரிவான சிறப்புப் பிரிவின் அதிகாரியை விலைக்கு வாங்கப் பார்த்து மாட்டிக்கொண்டார். விஷயம் அமுக்கப்பட்டது. நாடு சுதந்திரம் பெற்ற சில வாரங்களில், 1965 ஆகஸ்ட் கடைசியில், பிரதமர் லீ குவான் யூ அதைப் பகிரங்கமாகச் சொன்னார். வாயை மூட அமெரிக்கா பணம் கொடுக்க வந்ததையும் சேர்த்தே சொன்னார். வாஷிங்டன் மறுத்தது. உடனே அவர் 1961இல் வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் எழுதிய மன்னிப்புக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். மறுப்பு அதோடு அடங்கிவிட்டது. தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் இணையத்தளத்தில் 1965 செப்டம்பர் முதல் வார இதழ்களைத் தேடுங்கள், அந்த நாள் சூட்டோடு படிக்கலாம். மேடைக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்?

கதையின் மறுபாதிதான் சுவை. அதே லீ குவான் யூ, அமெரிக்கா வியட்னாமில் நின்று போரிட்டதால்தான் தென்கிழக்காசியாவின் மற்ற நாடுகளுக்குத் தங்களைச் சீராக்கிக்கொள்ள அவகாசம் கிடைத்தது என்று பல காலம் வாதாடினார். 1967 ஆகஸ்டில் ஆசியான் பிறந்தது. 1968 தொடக்கத்தில் பிரிட்டன் தன் படைகளை 1971க்குள் எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. அந்த நேரத்தில் இந்த வட்டாரத்துக்கு அவகாசம் தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது. வெட்டிப் பேசும் அணியின் மிகப் பலமான வாதம் இதுதான், இதை மூன்றாவது பேச்சாளருக்கு மிச்சம் வையுங்கள்.

உடைக்கவும் வழி இருக்கிறது. மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலம் 1960இலேயே முடிந்துவிட்டது. அமெரிக்கக் காலாட்படை டானாங் கடற்கரையில் இறங்கியதோ 1965 மார்ச்சில். மலாயாவைக் காப்பாற்றியது வியட்னாம் போர் என்றால் காலம் பின்னோக்கி ஓட வேண்டும். இந்தோனேசியாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகக் காற்று திரும்பியதும் 1965 கடைசியில், உள்நாட்டு ராணுவத்தின் கையால். அப்புறம் பெரிய கேள்வி ஒன்று: அவகாசம் நமக்குக் கிடைத்தது, விலை யார் கொடுத்தார்கள்? 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர். வியட்னாமியர்கள், வியட்னாம் அரசே 1995இல் சொன்ன கணக்குப்படி, ஏறத்தாழ 30 லட்சம். இந்தக் கேள்வியைக் கத்திக் கேட்கக் கூடாது. மெதுவாகக் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும். செம்பவாங்கில் ஹாக்கின்ஸ் ரோட்டில் 1978 முதல் 1996 வரை வியட்னாமிய அகதி முகாம் இருந்ததை இன்றைய பிள்ளைகளில் பாதிப் பேர் கேள்விப்பட்டதே இல்லை. வேறு நாடு எடுத்துக்கொள்வதாக உறுதி சொன்னால்தான் உள்ளே விட்டார்கள், அதுவும் 90 நாளைக்கு. இதை இரண்டு அணியுமே பயன்படுத்தலாம். போரால் ஓடிவந்தார்கள் என்று ஒருவர், அமெரிக்கா போன பிறகு வந்த ஆட்சியால் ஓடிவந்தார்கள் என்று மற்றவர்.

இப்போது என் கணக்கு வேலை. 1990 நவம்பரில் சிங்கப்பூர் நம் தளங்களை அமெரிக்கப் படைகள் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது. 2019இல் அது 2035 வரை நீட்டிக்கப்பட்டது. சாங்கிக் கடற்படைத் தளத்தில் சாம்பல் நிறக் கப்பல் வந்து நின்றால் முட்டை, லெட்டூஸ், பால், குடிதண்ணீர் எல்லாம் லாரியில் போகும். அந்த மாதிரி பில்களும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பெண் பட்டென்று கேட்டாள், “அப்போ நீங்க எந்தப் பக்கம்க்கா?”

“பில்லுக்கு நான் வெட்டிப் பேசறவ, லாவோசுக்கு ஒட்டிப் பேசறவ” என்றேன். சிரித்தார்கள். ஆனால் நான் சொன்னது நிஜம். நாடு நாடாகப் பார்க்கிறவருக்கு வேறு பதில் இருக்க வழியில்லை. ‘சிங்கப்பூர் இதனால் பலன் பெறுகிறது’ என்பதை எதிரணி சொல்வதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் நேர்மை, அவர்கள் சொன்னால் குட்டு.

குற்றச்சாட்டின் எடை

இந்தோனேசியா 1965–66 பற்றிப் பேசும்போது நாக்கு கொஞ்சம் பதமாக இருக்க வேண்டும். குறைந்தது ஐந்து லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்பது பரவலான மதிப்பீடு. கொன்றது அந்நாட்டு ராணுவமும் அதோடு சேர்ந்த கும்பல்களும். அமெரிக்கத் தூதரக அதிகாரி ஒருவர் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்களின் பெயர்ப் பட்டியலை ராணுவத்துக்குத் தந்தது 1990இல் வெளிவந்தது. கொலைகள் தூதரகத்துக்கு விவரமாகவே தெரிந்திருந்ததை 2017இல் வெளியான ஆவணங்கள் காட்டின. ஆக, ‘அமெரிக்கா ஐந்து லட்சம் பேரைக் கொன்றது’ என்பது தவறு, ‘அமெரிக்காவுக்குச் சம்பந்தமே இல்லை’ என்பதும் தவறு. செய்தார்களா, தூண்டினார்களா, உதவினார்களா, தெரிந்தும் பேசாமல் இருந்தார்களா? எந்தப் படி என்று சொல்லி, அந்தப் படிக்கு மட்டும் ஆதாரம் காட்டுங்கள். ஒரு படி கூட்டிச் சொன்னால் எதிரணி அந்த ஒரு படியைப் பிடித்துக்கொண்டு மற்ற உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிடும். இன்னொன்று, கேட்பவர்களில் ஜாவாவிலிருந்து வந்த பாட்டி யாருக்காவது இருக்கலாம். மேடைக் கைதட்டலுக்காக அந்தப் பிணங்களை எண்ணாதீர்கள்.

எதிரணி கட்டாயம் சொல்லப்போகும் இரண்டு

‘அமெரிக்கா இல்லாவிட்டால் வேறு வல்லரசு வந்திருக்கும்.’ சில இடத்தில் இது உண்மை. 1979இல் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்தது. ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக நிரூபிக்கச் சொல்லுங்கள். 1953 ஈரானில் ‘யார் வந்திருப்பார்கள்?’ என்று கேட்டால் பெரும்பாலும் திணறுவார்கள்.

‘சிறிய நாடுகளுக்கு வேறு வழி இல்லை.’ இதற்குப் பிலிப்பீன்ஸ். 1991 செப்டம்பரில் அந்நாட்டு செனட் 12க்கு 11 என்ற கணக்கில் தள ஒப்பந்தத்தை நிராகரித்தது. அடுத்த ஆண்டு சூபிக் விரிகுடாவிலிருந்து அமெரிக்கர்கள் மூட்டை கட்டினார்கள், அவர்களுடைய தளவாட அலுவலகம் ஒன்று சிங்கப்பூருக்கு வந்தது. ஆனால் 2012இல் ஸ்கார்பரோ பவளத்திட்டில் சீனாவோடு தகராறு. 2014இல் மணிலா மறுபடி அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டது. போகச் சொன்னதும் அவர்களே, வரச் சொன்னதும் அவர்களே. முதல் பாதியை ஒரு அணி சொன்னால் மறுபாதியை மற்ற அணி சொல்லட்டும். ஆசிய நாடுகளைச் சதுரங்கக் காய் மாதிரி பேசும் பழக்கம் இரண்டு அணிக்குமே இதில் விடும்.

பேச்சு நடைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘ஏகாதிபத்தியம்’ ஒரு பேச்சில் ஒரு தடவை போதும். லட்சத்தில் எண் சொல்லித் தடுமாறுகிறவர்கள் மில்லியன் என்றே சொல்லுங்கள், தமிழ் முரசு நாளிதழும் அப்படித்தான் எழுதுகிறது. பயிற்சியில் எந்தப் பக்கம் என்பதைக் கடைசி நாள்வரை சொல்லாமல் வையுங்கள், இரண்டு பக்கத்துக்கும் அட்டை எழுதுவார்கள்.

போட்டி நாளன்று மூன்று அட்டையோடு ஈராக்குக்கு ஓர் அட்டை உபரியாக இருக்கட்டும், அதைப் பேச்சில் பயன்படுத்தாவிட்டாலும். கேள்வி நேரத்தில் யாராவது ஒருவர் 2003ஐக் கட்டாயம் கேட்பார். சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை. சிங்கப்பூர் அந்தப் போருக்கு ஆதரவு தெரிவித்தது, பிறகு மறுசீரமைப்புக்கு உதவ வளைகுடாவுக்குக் கடற்படைக் கப்பலும் விமானங்களும் அனுப்பியது. இரண்டையும் முப்பது வினாடியில் சொல்லிவிட்டு, ‘அடுத்த கேள்வி’ என்று நிமிர்ந்து பார்க்கப் பழகுங்கள்.